பேய் பங்களாவும் லயத்துப் பிள்ளைகளும்

இணையத்தில் போனக்காடு என்று தேடிப் பாருங்கள். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாக அறுபது கிலோமீட்டர் வாக்கில் போனால் மலைமேல் வருகிற பழைய தேயிலைத் தோட்டம் அது. அகத்தியர்கூடம் ஏறுகிறவர்கள் இங்கிருந்துதான் நடையைத் தொடங்குவார்கள். ஆனால் தேடினால் முன்னால் வந்து நிற்பது அகத்தியரும் இல்லை, தேயிலையும் இல்லை. ஒரு பேய்.

கதை இப்படிப் போகிறது. 1951-இல் தோட்டத்தில் ஒரு பங்களா கட்டினார்கள். 25 ஜி.பி. பங்களா என்று பெயர். வெள்ளைக்கார மேனேஜர் குடும்பத்தோடு குடிவந்தார். வந்த கொஞ்ச நாளிலேயே அவருடைய 13 வயது மகள் என்ன காரணம் என்றே தெரியாமல் இறந்துபோனாள். மேனேஜர் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் ராத்திரியில் அந்தப் பங்களாவிலிருந்து அழுகுரல், கண்ணாடி உடையும் சத்தம், இத்யாதி இத்யாதி. பிறகு ஒருநாள் விறகு பொறுக்கப் போன ஒரு பெண் அந்தப் பக்கம் போய்விட்டு வீடு திரும்பினாள். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பெண் சரளமாக இங்கிலீஷ் பேச ஆரம்பித்தாள். சில நாட்களில் அவளும் செத்துப்போனாள்.

பேய் உண்டா இல்லையா என்கிற ஆராய்ச்சிக்கு நான் வரவில்லை. எனக்கு இந்தக் கதையில் இடித்தது வேறு. மேனேஜர் மகளுக்குக் கதையில் எல்லாம் இருக்கிறது. வயசு இருக்கிறது, வீடு இருக்கிறது, அப்பாவின் உத்தியோகம் இருக்கிறது, அவள் சாவுக்கு ஒரு மர்மம்கூட இருக்கிறது. விறகு பொறுக்கப் போன பெண்ணுக்கு என்ன இருக்கிறது? யார் மகள், எந்த லயம், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், ஒன்றும் கிடையாது. இன்னொருத்தி வந்து அவள் உடம்பில் ஏறிக்கொண்ட பிறகுதான் அவள் கதைக்குள்ளேயே வருகிறாள். லயத்துப் பெண் இங்கிலீஷ் பேசினால் அதற்குப் பேய்தான் காரணமாக இருக்க முடியும் என்று ஊரே நம்பியிருக்கிறது பாருங்கள், அங்கேதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இங்கே நம் ஆட்கள் நாலு குடும்பம் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் பிள்ளைகளில்தான் வந்து முடியும். பையனுக்கு ஸ்கூலில் ஒட்டவில்லை. பொண்ணு கதவைச் சாத்திக்கொண்டால் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வருகிறாள். டீமில் எடுக்கவில்லை என்று இரண்டு நாள் அழுகை. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரே வார்த்தை: தன்னம்பிக்கை இல்லை. அதற்கு ஒரு வகுப்பு, ஒரு புத்தகம், ஒரு கவுன்சிலர். இதெல்லாம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய மதிப்பு எங்கிருந்து வருகிறது, அடி விழுந்தால் எழுந்து நிற்கிற தெம்பு எதனால் வருகிறது என்ற கேள்விக்கு, மலைத்தோட்டங்களின் வரலாற்றில் நான் எதிர்பார்க்காத அளவுக்குப் பதில் இருக்கிறது. போனக்காட்டை வைத்துக்கொண்டே அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

திருவிதாங்கூர் மலைகளில் வெள்ளைக்காரத் துரைகள் பெரிய அளவில் காடு வெட்டியது 1860-களில். முதலில் காப்பி. இலங்கையில் 1869-இல் தலைகாட்டிய காப்பி இலைத்துரு நோய் அடுத்த சில ஆண்டுகளில் தென்னிந்தியாவுக்கும் வந்து சேர, காப்பி போய்த் தேயிலை வந்தது. மலையில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. கிழக்கே இறங்கினால் திருநெல்வேலிச் சீமை. மழை பொய்த்த ஊர்கள், கடன்பட்ட குடும்பங்கள், 1876-78 பஞ்சத்தின் வடு. கங்காணி போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்தான். அந்த முன்பணம்தான் தூண்டில். வாங்கிவிட்டு வேலையைப் பாதியில் விட்டுப் போனால் அது சிவில் வழக்கு கிடையாது, கிரிமினல் குற்றம். பிரிட்டிஷ் இந்தியாவில் 1859-இல் வந்த அந்தச் சட்டம் 1920-களின் நடுவில்தான் ரத்தானது. சமஸ்தானமும் அதே வகைச் சட்டத்தை வைத்திருந்தது. ஒப்பந்தத்தை மீறினால் ஜெயில். ஆனால் துரை மீறினால்? அதற்குச் சட்டத்தில் இடமில்லை. டாக்டர் பி.எச். டேனியல் வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்து கேட்டதையும் பார்த்ததையும் வைத்து 1969-இல் ‘ரெட் டீ’ நாவலை எழுதினார். தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’. படிக்காதவர்கள் படித்துவிடுங்கள், இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர்கள் கதை ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. பிள்ளைகள் கதைதான் எங்கும் இல்லை. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள், ஒரு குடும்பத்துக்கு ஓர் அறையும் ஒரு அடுப்படியும். அப்பாவும் அம்மாவும் விடிந்ததும் கொழுந்துக்கோ கவ்வாத்துக்கோ போய்விட்டால் எட்டு வயது அக்கா இரண்டு வயது தம்பியைப் பார்த்துக்கொள்வாள். எந்த மலைத்தோட்டத்திலும் நிலத்தின் அமைப்பைக் கவனித்துப் பாருங்கள். மேட்டில் பங்களா. அதற்குக் கீழே கிளார்க்குமார், கண்டக்டர் குவார்ட்டர்ஸ். அதற்கும் கீழே லயங்கள். எழுத்து தெரியாத குழந்தைகூடத் தினமும் காலையில் நிமிர்ந்து பார்த்தால் தன் இடம் எது என்று படித்துக்கொள்ளும். பாடப்புத்தகம் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிற பாடம் இது.

அந்தப் பேய்க் கதை நடந்ததாகச் சொல்லப்படுகிற அதே 1951-இல்தான் இந்தியாவில் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. 50 பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்கிற தோட்டத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்றது. (இலங்கை மலையகத்தில் பிள்ளைமடுவம் என்பார்கள், எவ்வளவு அழகான சொல்!) 6 முதல் 12 வயதுப் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் படிப்புக்கு வசதி செய்து தர வேண்டும் என்று விதி போட மாநிலங்களுக்கு அதிகாரம் தந்தது. 12 வயது நிரம்பாதவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. அதாவது 12 முடிந்தால் வைக்கலாம், டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தால் போதும். பேய்க் கதையில் வரும் பெண்ணுக்கு வயது 13. அதே வயதில் லயத்துப் பெண் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போவதைச் சட்டமே அனுமதித்தது. அந்த 12 என்ற எண் 14 ஆக 2010 வரை ஆனது.

1956-இல் எல்லை பிரித்தார்கள். அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. போனக்காடு இருக்கிற நெடுமங்காடு பக்கம் கேரளத்தில் நின்றது. லயத்தில் பேச்சு தமிழ், ஆபீசும் கடைத்தெருவும் மலையாளம். மலையின் அந்தப் பக்கம் மாஞ்சோலை. அது சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-இல் 99 ஆண்டு குத்தகைக்குப் போன காடு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மக்கள், ஒரே மாதிரி லயம்.

மாஞ்சோலையில் என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. கூலி உயர்வு கேட்டும் சிறையில் இருந்தவர்களை விடுதலை செய்யச் சொல்லியும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் அடித்து விரட்டியதில் தாமிரபரணியில் விழுந்தும் அடிபட்டும் 17 பேர் செத்தார்கள். அதில் ஒன்று 2 வயதுக் குழந்தை. குத்தகை முடிய இன்னும் காலம் இருந்தபோதே 2024-இல் கம்பெனி தொழிலாளர்களிடம் விருப்ப ஓய்வுக் கடிதம் வாங்கியது. நாலு தலைமுறை இருந்த வீட்டைக் காலி செய்யச் சொன்னால், அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் ‘உன் சொந்த ஊர் எது’ என்று கேட்டால் என்ன சொல்லும்?

போனக்காட்டில் இது கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது. கம்பெனி நொடித்தது, கூலி தள்ளிப்போனது, வைப்புநிதியும் பணிக்கொடையும் பாக்கி விழுந்தன. ஃபாக்டரி நின்றது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து செய்யாமல் விட்டால் அது மரமாக வளர்ந்துவிடும், அப்படியே வளர்ந்தது. லயங்களின் கூரை ஒழுகியது. வயசுப் பையன்கள் கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் கீழே இறங்கினார்கள். வயசானவர்கள் பாக்கிக்காகக் காத்துக்கொண்டு மேலேயே இருந்தார்கள். பேய் பார்க்க வருகிறவர்கள் செல்போனைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்குப் போகும் வழியில் இந்த லயங்கள் எல்லாம் தெரியும். அதில் ஆள் இருக்கிறது என்பது எத்தனை வீடியோவில் வருகிறது?

இன்னொன்று உண்டு. கேரளத்து மலைகளில், குறிப்பாக மூணாறு, பீருமேடு பக்கங்களில் தமிழ்ப் பிள்ளைகள் பத்தாவது முடித்துவிட்டுச் சாதிச் சான்றிதழுக்குப் போனால் தடங்கல் வரும். தாழ்த்தப்பட்ட சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் 1950-க்கு முன்பே உன் முன்னோர் இந்த மாநிலத்தில் குடியேறியதற்கு ஆதாரம் கொண்டு வா என்பார்கள். கங்காணி எழுதிய செக்ரோலில் பெயர் இருந்திருக்கும், அதை யார் பாதுகாத்தார்கள்? கேரளத்தில் பிறந்து கேரளத்தில் படித்த 16 வயதுப் பிள்ளைக்கு ‘நீ இந்த ஊர்க்காரன் இல்லை’ என்று முதல் தடவையாகக் காகிதத்தில் சொல்லப்படுகிற இடம் அதுதான். வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளிடம் ‘இல்லை, நிஜமாகவே நீ எந்த ஊர்?’ என்று கேட்கிறார்களே, அதற்கு இது பெரியண்ணன்.

இப்போது பசிபிக் கடலுக்கு ஒரு தாவல். சம்பந்தம் இருக்கிறது, கூடவே வாருங்கள்.

ஹவாயில் கவாய் என்று ஒரு தீவு. கரும்புத் தோட்டத்துக்குப் பேர்போனது. ஹவாயின் முதல் பெரிய கரும்புத் தோட்டம் 1835-இல் தொடங்கியது அங்கேதான். ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் ஒப்பந்தத்தில் ஆட்களைக் கொண்டுவந்து கேம்ப் கேம்பாகக் குடிவைத்தார்கள். நம் லயம்தான், பெயர் வேறு. அந்தத் தீவில் 1955-இல் பிறந்த குழந்தைகள் மொத்தம் 698 பேரையும், தாய் வயிற்றில் இருந்த காலத்திலிருந்தே ஓர் ஆய்வுக் குழு பின்தொடர்ந்தது. 1, 2, 10, 18, 32, 40 வயதுகளில் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். இதை நடத்திய எம்மி வெர்னர் ஜெர்மனியில் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரைச் சிறுமியாக அனுபவித்தவர், 2017-இல் காலமானார். பிள்ளைகள் அடிபட்டு எழுந்திருப்பது பற்றி இன்று உலகம் பேசுகிற பேச்சில் பெரும்பகுதிக்கு வேர் இந்த ஆய்வு. அதாவது அந்த அறிவு பிறந்தது தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளிடமிருந்து. எனக்கு இது தெரியவந்தபோது ரொம்ப நேரம் வேறு எதுவும் ஓடவில்லை.

கண்டது என்ன? மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகள் பிறப்பிலேயே பெரிய பாரத்தோடு வந்தவர்கள். வறுமை, வீட்டில் சண்டை, குடிகார அப்பா, மனநோய் கண்ட அம்மா, பிரசவத்தில் சிக்கல் என்று நாலைந்து சேர்ந்து இருக்கும். அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பத்து வயதிலோ பதினெட்டு வயதிலோ படிப்பிலும் நடத்தையிலும் பெரிய சிக்கல் வந்தது. மிச்சம் 72 பேர் எந்தச் சேதமும் இல்லாமல் அன்பும் திறமையும் உள்ள ஆட்களாக வளர்ந்து நின்றார்கள். ஏன்? சில பிள்ளைகளுக்குப் பிறவியிலேயே எளிதில் சிரிக்கிற, எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிற குணம். அது நம் கையில் இல்லை. ஆனால் அந்த 72 பேரிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டது இன்னொன்று. இந்தப் பிள்ளையை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஏற்றுக்கொண்ட ஒரு பெரிய ஆள் அவர்கள் வாழ்க்கையில் இருந்தார். அம்மா அப்பாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. பாட்டி, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், ஒரு டீச்சர். அதோடு வீட்டில் அவர்களுக்கு நிஜமான வேலை இருந்தது. தம்பியைப் பார்ப்பது, சமைப்பது மாதிரி, அவர்கள் செய்யாவிட்டால் வீடு ஓடாது என்கிற வேலை.

இன்னொரு விஷயம் டீன் ஏஜ் பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்கு. பதினெட்டில் வழி தவறிப்போன அந்த மீதிப் பேரில் பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்குள் மீண்டு வந்துவிட்டார்கள். கம்யூனிட்டி காலேஜ், ராணுவம், நல்ல துணை, கோயில் குளம் என்று எங்காவது இரண்டாவது வாய்ப்பு ஒன்று கிடைத்தது. பதினெட்டில் பிள்ளையைப் பார்த்து ‘இது தேறாது’ என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் அந்த நாற்பது வயதுக் கணக்கையும் பார்த்துவிட்டு எழுதட்டும்.

சரி, லயத்திலும் எட்டு வயது அக்கா தம்பியைத் தூக்கிக்கொண்டு நின்றாளே, அப்போது லயம்தான் உலகத்திலேயே சிறந்த பள்ளிக்கூடமா என்று கேட்டால், இல்லவே இல்லை. இந்த இடத்தில்தான் சரித்திரம் வேண்டும். கவாயில் அந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1946-இல், ஹவாய்க் கரும்புத் தொழிலாளர்கள் இனம் பார்க்காமல் ஒரே சங்கமாகச் சேர்ந்து 79 நாள் வேலைநிறுத்தம் செய்து ஜெயித்திருந்தார்கள். கூலி உயர்ந்தது, கம்பெனி கொடுத்த வீடு, சாமான் என்ற பிடி தளர்ந்தது. பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இருந்தன. அந்தத் தரை இருந்ததால்தான் பாட்டியின் அன்புக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது. பிள்ளை தாக்குப்பிடிக்கிறான் என்று கைதட்டுவது கூலி பாக்கி வைத்தவனுக்குக் கொடுக்கிற விடுதலைப் பத்திரமாக ஆகிவிடக்கூடாது. ‘கஷ்டப்பட்டால்தான் பிள்ளை உருப்படும்’ என்று நம்மில் சிலர் சொல்வார்கள். கவாய்க் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கஷ்டப்பட்டதில் மூன்றில் இரண்டு பங்கு அந்த வயதில் நொடிந்துதான் போனது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூத்து நடந்தது, அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1986-இல் கலிபோர்னியா அரசு தன்மதிப்புக்காகவே ஒரு குழு போட்டது. ஜான் வாஸ்கான்செலோஸ் என்கிற சட்டமன்ற உறுப்பினரின் முயற்சி. தன்மதிப்பை ஊசி மாதிரி ஏற்றிவிட்டால் குற்றம், போதை, தேர்வில் தோல்வி எல்லாம் குறையும் என்ற நம்பிக்கை. 1990-இல் அறிக்கை வந்தது. பள்ளிக்கூடங்களில் ‘நீ சிறப்பானவன்’ ஸ்டிக்கர்கள் பெருகின. 2003-இல் ராய் பாமைஸ்டரும் மூன்று பேரும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சலித்துப் பார்த்தார்கள். தன்மதிப்பு அதிகமானதால் மார்க் அதிகமாகிறது என்பதற்குச் சரக்கு இல்லை, நன்றாகச் செய்வதால்தான் தன்மதிப்பு கொஞ்சம் கூடுகிறது என்று தெரிந்தது. அதற்கு முன்பே 1998-இல் முல்லர், டுவெக் இருவரும் பத்துப் பதினோரு வயதுப் பிள்ளைகளிடம் சோதனை செய்திருந்தார்கள். ‘நீ புத்திசாலி’ என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்த முறை சுலபமான கணக்கையே தேடினார்கள். தங்கள் மார்க்கை மற்றவர்களுக்குச் சொல்லும்போது பத்தில் நாலு பேர் கூட்டிச் சொன்னார்கள். உழைப்புக்காகப் புகழப்பட்டவர்களிடம் அந்தப் பொய் ரொம்பக் குறைவு. மேட்டில் பங்களாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஸ்டிக்கர் ஒட்டி என்ன பிரயோசனம், சொல்லுங்கள்.

எனக்குப் பிடித்த ஆய்வு அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் நடந்தது. மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2001-இல் குடும்பங்களைச் சந்தித்துப் பிள்ளைகளிடம் 20 கேள்வி கேட்டார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அம்மாவும் அப்பாவும் எப்படிச் சந்தித்தார்கள், நீ பிறந்த அன்று என்ன நடந்தது, உனக்கு ஏன் இந்தப் பெயர், குடும்பத்தில் நடந்த கெட்டது எதுவாவது தெரியுமா என்று. நிறையப் பதில் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் அதிகம், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வும் அதிகம். அந்த ஆண்டு செப்டம்பர் 11-க்குப் பிறகு அதே குடும்பங்களைத் திரும்பப் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள்தான் அதிர்ச்சியிலிருந்து நன்றாக மீண்டிருந்தார்கள். சின்ன ஆய்வுதான். பதிலை மனப்பாடம் செய்து கொடுத்தால் வேலை நடக்காது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடும்போது, காரில் போகும்போது, பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி ஏறுகிறது அது. எல்லாம் ஏற்றம்தான் என்கிற கதையும் உதவாது, எல்லாம் போச்சு என்கிற கதையும் உதவாது. ஏறினோம், விழுந்தோம், மறுபடி எழுந்தோம் என்கிற கதைதான் பிள்ளைக்குப் பிடிமானம்.

நம் ஆட்களிடம் சிக்கலே இங்கேதான். லயத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் இன்று உலகம் பூராவும் இருக்கின்றன. இலங்கை மலையகம், மலேசிய ரப்பர்த் தோட்டம், வால்பாறை, மூணாறு, போனக்காடு. இரண்டு தலைமுறைக்குள் நர்ஸ், இஞ்சினியர், அக்கவுண்டன்ட். ஆனால் அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் கதை அப்பாவின் டிகிரியில்தான் தொடங்கும். அதற்கு முன்னால் வெறும் பனிமூட்டம். காரணம் புரியாமல் இல்லை. இலங்கையில் ‘தோட்டக்காட்டான்’ என்பது வசைச்சொல். சொன்னால் சம்பந்தம் கெடும், சாதி வெளியே வரும், சக தமிழனே ஒரு மாதிரி பார்ப்பான். அந்த அனுபவம் உள்ளவர்கள் வாயை மூடிக்கொண்டதைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை. வீட்டில் ஒரு பேச்சு வந்தால் எல்லோரும் சட்டென்று தலைப்பை மாற்றுகிறார்கள் என்றால், அங்கே ஏதோ அசிங்கம் இருக்கிறது, அது தன்னுடையதும்தான் என்று அதற்குத் தெரிந்துவிடும். போனக்காட்டுப் பேய்க் கதையில் விறகு பொறுக்கின பெண்ணுக்கு நடந்ததை அப்புறம் நாமே நம் பாட்டிக்குச் செய்கிறோம். பெயர் இல்லை, ஊர் இல்லை, கதை இல்லை.

சொல்கிற வீடுகளிலும் ஒரு கோளாறு. ‘நாங்க ஒத்த ரூம்ல எட்டுப் பேரு கெடந்தோம், ஒனக்கு என்னடா குறை?’ இது கதை இல்லை, பில். பதினஞ்சு வயசுப் பையனுக்கு அது கணக்குத் தீர்க்கச் சொல்லி நீட்டுகிற சீட்டாகத்தான் கேட்கும். காதை மூடிக்கொள்வான். அதே ஒற்றை அறையில் யார் ஜோக் அடிப்பார், மழை ஒழுகினால் பாயை எந்த மூலைக்கு இழுப்பார்கள், தாத்தா கங்காணியிடம் ஒருநாள் எதிர்த்துப் பேசிவிட்டு வந்து எப்படி நடுங்கினார் என்று சொல்லிப் பாருங்கள். கேள்வி அவனே கேட்பான்.

துக்கம் மட்டும்தான் கதை என்றும் இல்லை. 2015 செப்டம்பரில் மூணாறில் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். போனஸை 10 சதவீதமாகக் குறைத்ததுதான் தீப்பொறி. 20 சதவீதம் கேட்டார்கள், 232 ரூபாயாக இருந்த கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது என்று விரட்டிவிட்டுத் தாங்களே பேச்சுவார்த்தைக்குப் போனார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர். ஒன்பது நாளில் போனஸும் கருணைத்தொகையுமாகச் சேர்த்து அந்த 20 சதவீதம் கிடைத்தது. கூலி 500 ஆகவில்லை, அடுத்த மாதம் 301-இல் நின்றது. பாதி வெற்றி, பாதி ஏமாற்றம், அப்புறம் அவர்களுக்குள்ளேயே பிளவு வேறு. மூணாறில் வேர் உள்ள ஒரு பெண்பிள்ளைக்கு, உன் பெரியம்மா வயசுப் பெண்கள் ஒரு கம்பெனியையும் நாலு சங்கத்தையும் ஒன்பது நாள் திணறவைத்தார்கள் என்று சொன்னால், பள்ளிக்கூடத்தில் யாரோ கிண்டல் பண்ணினான் என்பதைத் தாண்டி யோசிக்க அதற்கு ஒரு ஆதாரம் கிடைக்காதா?

போனக்காட்டுக்கு வடக்கே குளத்துப்புழை இருக்கிறது. 1964-இல் சாஸ்திரி, சிறிமாவோ போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதினார்கள். கேட்காமலே எழுதினார்கள். அப்படி வந்தவர்களில் சில குடும்பங்களுக்காகப் புனலூரைத் தலைமையிடமாக வைத்து 1976-இல் ஒரு ரப்பர்த் தோட்ட நிறுவனம் தொடங்கி, குளத்துப்புழை பக்கம் குடியமர்த்தினார்கள். தாத்தா திருநெல்வேலியிலிருந்து கண்டிக்குப் போனவர், அப்பா கண்டியில் பிறந்து குளத்துப்புழைக்கு வந்தவர், மகன் அங்கே மலையாளம் படித்து வளைகுடாவுக்கோ கனடாவுக்கோ போனவன். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறை, மூன்று நாடு, ஒவ்வொரு முறையும் பெட்டியை முதலில் இருந்து கட்டினார்கள். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒட்டவில்லை என்று அழுகிற பேரனுக்கு இதைவிட நெருக்கமான வழிகாட்டி எந்தக் கவுன்சிலரிடம் கிடைப்பார் என்று தெரியவில்லை.

தோட்டத்தில் இருந்த ஆச்சிகள், தாத்தாக்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், ஸ்பீக்கரில் போடுங்கள். எந்த எஸ்டேட், எத்தனாம் நம்பர் லயம், எந்த வீடு. கங்காணி பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து கூட்டி வந்தார், நடந்தா வண்டியிலா. முதல் கூலி எவ்வளவு. பள்ளிக்கூடத்தில் எத்தனாம் வகுப்போடு நின்றது, யார் நிறுத்தினார்கள். அட்டை கடித்தால் என்ன போடுவார்கள். காட்டுக்கு விறகுக்குப் போனால் கூட யார் வருவார்கள். கடைசிக் கேள்விக்கு ஆச்சி சிரித்துக்கொண்டே பத்து நிமிஷம் பேசுவார், அப்போது குறுக்கே பேசாதீர்கள்.